மூச்சுக்குப் பத்து

பாய் முடைவதற்காகப் புருன் கோரையை இடிக்கும்போது உலக்கைச் சத்தத்தைவிடக் கோரைச் சத்தம்தான் தூக்கலாகக் கேட்கும். இலை இல்லாத, கிளை இல்லாத, ஆளைவிட உயரமான அந்தத் தண்டுக்குள் அடிமுதல் நுனிவரை சின்னச் சின்ன அறைகள் உண்டு. அறைக்கு அறை காகிதம்போல ஒரு தடுப்பு, ஒவ்வொரு அறையிலும் அடைபட்ட காற்று. உலக்கை விழுந்ததும் அறைகள் உடைந்து, எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரிப் படபடவென்று வெடிக்கும். அந்த ஊர்ப் பிள்ளைகள் தொட்டிலில் கிடந்து கேட்டு வளர்கிற சத்தம் அது. அன்று காலை ஜும்ரா இடித்த கட்டு வெடிக்கவில்லை.

தொம் என்று உலக்கை விழுந்தது. எதிரே நின்று மாற்றி இடித்துக்கொண்டிருந்த ஹலிடாவின் உலக்கையும் தொம். பலகைமேல் கோரை நசுங்கியது, தட்டையானது, அதோடு சரி.

“என்னடி இது, உன் கோரை உன்னைவிட அழுத்தமா இருக்கு. வாயே தெறக்க மாட்டேங்குது” என்றாள் ஹலிடா. அடுத்த வீட்டுக்காரி. ஜும்ராவைவிட ஐந்து வயது மூத்தவள். வெயிலுக்கு அரிசிமாவு அப்பிய முகத்தோடு நாள் முழுக்கப் பேசக்கூடியவள்.

ஜும்ரா உலக்கையை மறுபடி ஓங்கினாள். காயாத கோரையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். வெயில் எங்கே இருக்கிறது, காய்வதற்கு?

தரைக்கடியில் நெருப்புப் பிடித்த மாதம் அது. சதுப்பின் கரிமண் உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருந்தது. எங்கே எரிகிறது என்று யாராலும் காட்ட முடியாது, புகை மட்டும் வந்துகொண்டே இருக்கும். ஒன்றரை மாதமாகச் சூரியன் அவித்த முட்டையின் மஞ்சள் கருவாகத்தான் தெரிந்தது. காலை பத்து மணிக்கே பொழுது சாய்ந்தது போலிருந்தது. போன வெள்ளிக்கிழமை ஊரே திடலில் கூடி மழைக்காகத் தொழுதது. மழை வரவில்லை, புகை கொஞ்சம் கூடியது. இமாம் அதற்குப் பிறகு இரண்டு நாள் டீக்கடைப் பக்கம் வரவில்லை.

ஜும்ராவின் தம்பி குர்சானி காணாமல் போய் அன்றோடு இருபத்துமூன்று நாள். தாய் இறந்தபோது அவனுக்கு ஐந்து வயது, இவளுக்குப் பத்தொன்பது. அன்றிலிருந்து சோறூட்டியதும் அடித்ததும் அணைத்ததும் இவள்தான். சின்ன வயதில் படகு எஞ்சினின் பெல்ட்டில் கையைக் கொடுத்து, வலது கை மோதிர விரலைப் பாதியாக்கிக்கொண்டவன். அந்தக் குட்டை விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் கிராம்பு சிகரெட்டைச் செருகிக்கொண்டு சுற்றிவருவான். பாதி விரலுக்குப் பாதி சிகரெட் போதாதா என்று ஹலிடா அவனை வம்புக்கு இழுப்பாள். ஊருக்குப் பக்கத்துச் சதுப்பு எரிந்துபோனதால் அவனைத் தூரத்துச் சதுப்புக்கு அனுப்பியதும் ஜும்ராதான். சும்மா படுத்துக் கிடக்கிற நேரத்துக்கு இரண்டு கட்டு பிடுங்கிக்கொண்டு வரக் கூடாதா என்று கேட்டாள். அவனிடம் அவள் கடைசியாகப் பேசியது அதுதான். மறுநாள் தோணி கிடைத்தது. அதில் சோற்றுப் பொட்டலம் பிரிக்காமல் இருந்தது, பனையேறிக் கெண்டை வறுவலோடு. ஏழு நாள் தேடினார்கள். சட்டைகூடக் கிடைக்கவில்லை.

ஹலிடா உலக்கையைச் சாய்த்து வைத்தாள். அவள் குரல் தணிந்தபோதே ஜும்ராவுக்கு என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது.

“நாளன்னிக்கு இருபத்தஞ்சாம் நாள். ஒடம்பு இல்லாட்டியும் பரவால்ல, ஜனாஸா தொழுதிரலாம்னு இமாம் சொல்றாரு. நீ சரின்னு ஒரு வார்த்தை சொல்லணும் புள்ள. அவன் எத்தனை நாள்தான் காத்துக்கிட்டுக் கெடப்பான்?”

“எங்க கெடக்கான்?” என்றாள் ஜும்ரா.

ஹலிடா குனிந்தாள். நசுங்கிய கோரை ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். காய்ந்த புருனில் தடுப்பு இருக்கிற இடமெல்லாம் வரிவரியாக வளையம் தெரியும், விரலின் கணுபோல. அதில் ஒரு வளையமும் இல்லை. அவள் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

“இது எந்த எடத்துல பிடுங்கினது?”

“அவன் தோணி கெடந்த எடத்துல.”

“மூச்சுக்கு விட்டியா?”

“விட்டேன்க்கா” என்றாள் ஜும்ரா.

பொய். புருனின் வேர் காற்றே புகாத சேற்றில் கிடக்கிறது. மேலே நிற்கிற தண்டு வழியாகத்தான் அதற்கு மூச்சு இறங்க வேண்டும். அதனால் கத்தி வைத்து அறுக்க மாட்டார்கள், நீருக்குள் நிற்கும் அடிக்கட்டை தண்ணீர் குடித்து வேர் மூழ்கிவிடும். கையால்தான் பிடுங்குவார்கள். பிடுங்கினாலும் ஒவ்வொரு புதரிலும் பத்துத் தண்டு விட்டுவிட்டு வருவார்கள். மூச்சுக்குப் பத்து என்பது அங்கே நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. ஆனால் முந்தாநாள் ஜும்ரா கோரைக்காகப் போகவில்லை. அந்தப் புதருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கப் போனாள். வெறி பிடித்தவள்போலப் பிடுங்கினாள். தண்டுகள் வழக்கத்தைவிட இறுகலாக இருந்தன, ஒவ்வொன்றும் டொக் டொக் என்று கழன்று வந்தது. கடைசித் தண்டும் வந்த பிறகு அந்த இடத்தில் வெறும் கறுப்புத் தண்ணீர்தான் இருந்தது. அதில் குமிழ்கள் வந்தன. சதுப்பில் குமிழ் வருவது புதிதா என்ன? பார்த்துவிட்டுத் தோணியைத் திருப்பிவிட்டாள்.

ஹலிடா அடுப்பைப் பார்க்கப் போனதும் ஜும்ரா இடிக்காத தண்டு ஒன்றை உருவி எடுத்தாள். நுனியைக் கிள்ளி எறிந்தாள். அடியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு மறுமுனையில் ஊதினாள்.

கன்னத்தில் காற்று பட்டது.

இன்னொன்றை எடுத்தாள். அதுவும் அப்படித்தான். ஐந்தாவது, பத்தாவது, இருபதாவது. எல்லாம் உள்ளே தடுப்பில்லாத குழாய்கள். புருன் கோரையில் ஊதினால் அடைத்துக்கொள்ளும், பிறந்ததிலிருந்து அவள் கண்டது அதுதான்.

குர்சானிக்கு எட்டு வயதிருக்கும்போது, புருன் தண்டை வாயில் வைத்துக்கொண்டு தண்ணீருக்குள் ஒளிந்துகொள்ளப் பார்த்தான். மூச்சு முட்டி இருமிக்கொண்டு எழுந்தான். படித்துறையில் நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். உள்ளே சுவர் இருக்கிறதடா மடையா, தாமரைத் தண்டை எடு என்றாள் ஜும்ரா. அவன் கேட்கிற ஆளா? சைக்கிளின் போக்ஸ் கம்பியைக் கழற்றி, முழ நீளத் தண்டுக்குள் விட்டுச் சுவர்களைக் குத்தித் திறந்தான். அதை வாயில் கவ்விக்கொண்டு நீருக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டான். அவன் செத்துவிட்டான் என்று இவள் மார்பில் அடித்துக்கொண்டு அழுகிறவரைக்கும் மேலே வரவில்லை.

ஜும்ராவுக்குள் நம்பிக்கை வந்துவிட்டது, அதுதான் கொடுமை.

ஒரு கட்டில் ஐந்நூறு தண்டு, எல்லாம் ஆள் உயரம். எந்தக் கம்பியாலும் ஒருவன் இதைச் செய்ய முடியாது என்று புத்தி சொன்னது. அவள் புத்தி சொன்னதைக் கேட்கவில்லை. தண்டின் அடியை மூக்கருகே கொண்டுபோனாள். சேற்று வாசனை, பச்சை வாசனை, அதற்கும் உள்ளே லேசாக, இனிப்பாக, சூடாக ஒன்று.

கிராம்பு.

யாரிடமும் சொல்லாமல் தோணியை அவிழ்த்தாள்.

எரிந்த சதுப்பைத் தாண்டுவதற்கே ஒரு மணி நேரம் ஆனது. இரண்டு பக்கமும் கருகிய அடிக்கட்டைகள், நடுவே வாய்க்கால், தண்ணீரின் மேல் சாம்பல் படலம். அவளுடைய துடுப்பு விழும் இடத்தில் மட்டும் அது விலகி மறுபடி கூடிக்கொண்டது. புகை கண்ணைக் கரித்தது. எருமைப் பட்டி இருக்கும் பக்கத்திலிருந்து கனைப்புச் சத்தம் கொஞ்ச தூரம் கூட வந்தது, பிறகு அதுவும் நின்றுபோனது. பறவை இல்லை, தவளை இல்லை, காற்று துளியும் இல்லை. துடுப்பிலிருந்து சொட்டும் நீரின் சத்தம்கூட உரக்கக் கேட்டது. திரும்பிவிடலாமா என்று ஒருமுறை நினைத்தாள். நாளை மறுநாள் வெறும் பாயை முன்னால் வைத்து அவனுக்குத் தொழுவார்கள் என்பது நினைவு வந்ததும் இன்னும் வேகமாகத் துடுப்புப் போட்டாள்.

எரியாத புருன் புகைக்குள்ளிருந்து மெல்ல வெளிப்பட்டது. அதன் வேர்த்தண்டு சேற்றுக்குள் கோடு போட்டுக்கொண்டு போவதால் தண்டுகள் வரிசை வரிசையாகத்தான் முளைக்கும், நட்டுவைத்த மாதிரி. ஒவ்வொன்றின் நுனிக்குக் கீழும் ஒரு பழுப்புக் கதிர், அதற்கு மேல் ஊசிபோல ஒரு முனை. முந்தாநாள் அவள் மொட்டையடித்த இடம் வரிசைகளுக்கு நடுவே ஒரு கறுப்புத் தண்ணீர்க் குளமாகக் கிடந்தது. ஆள் நீளம். அதில் இன்னமும் குமிழ் வந்துகொண்டிருந்தது. ஒன்று. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. முந்தாநாள் கொத்துக் கொத்தாக வந்தவை.

அவள் அதைக் கவனிக்கவில்லை. அதற்கு அடுத்த புதரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காற்றில்லாத அந்த மத்தியானத்தில் அந்தப் புதர் அசைந்தது. தண்டுகள் எல்லாம் சேர்ந்து வெளியே சாய்ந்தன, நின்றன, சேர்ந்து உள்ளே வந்தன, நின்றன. மறுபடி வெளியே. அவசரமே இல்லை. தூங்குகிறவனின் நெஞ்சுபோல.

ஜும்ரா தோணியைப் புதரோடு சேர்த்து நிறுத்திக் கை நீட்டி ஒரு தண்டைப் பிடித்தாள். கதகதப்பாக இருந்தது. அதன் நுனியை ஒடித்தாள். உஸ்ஸென்று ஈரக் காற்று அவள் முகத்தில் அடித்தது, தூங்கி எழுந்த வாயின் நாற்றத்தோடு. பிறகு நின்றது. பிறகு அவள் நெற்றிமேல் விழுந்திருந்த முடி தண்டை நோக்கி இழுபட்டது.

“குர்சானி” என்றாள்.

புதர் அசைவதை நிறுத்தியது. எல்லாத் தண்டும் நேராக நின்றன. கேட்டுக்கொண்டிருந்தன.

“டேய், அக்காடா.”

தண்டுகள் எல்லாம் ஒன்றாக உள்ளே இழுத்தன.

அவள் தண்ணீரில் இறங்கினாள். கோடையில் வற்றிய நீர், மார்பளவுதான். கால் முழங்கால்வரை சேற்றில் புதைந்தது. ஒடித்த தண்டை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கையை அதே தண்டின் மேலேயே கீழே கீழே விட்டாள். தண்ணீர் கழுத்துக்கு வந்தது. தாடைக்கு வந்தது. விரல் சேற்றைத் தொட்டது. சேற்றுக்குள் வேர்த்தண்டுகள் பின்னிக் கிடந்தன, கயிறு கயிறாக. அதற்கும் கீழே கைவிட்டாள். வழுவழுப்பாக ஒன்று தட்டுப்பட்டது. வேர் இல்லை. சூடாக இருந்தது.

அது அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

ஜும்ரா அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள். ஒரு கை, அதன்மேல் இன்னொரு கை, இரண்டும் அவளை இறுக்கிப் பிடித்திருந்தன. சின்ன வயதில் குளிப்பாட்டும்போது அவன் இப்படித்தான் பிடித்துக்கொள்வான். இழுத்தாள். சேறு விடவில்லை. மறுபடி இழுத்தாள். கீழிருந்த பிடி தளர்ந்தது. இடது கையிலிருந்த தண்டில் காற்று மெல்லிதாகிக்கொண்டே போனது.

மூச்சு. அவனுக்கு மூச்சு வேண்டும்.

தண்டை வாயில் வைத்தாள். தன் நெஞ்சில் இருந்ததை எல்லாம் சேர்த்து ஊதினாள்.

தண்டு அதைக் குடித்தது. கீழே பிடி இறுகியது.

மூக்கால் மூச்சு எடுத்தாள். ஊதினாள். இறுகியது. எடுத்தாள். ஊதினாள். இன்னும் இறுகியது. இப்படியே ஊதிக்கொண்டிருந்தால் அவனுக்குத் தெம்பு வந்துவிடும், அவனே கால் உதைத்து மேலே வந்துவிடுவான், தோணியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம். ஹலிடாக்கா வாயைப் பிளந்துகொண்டு நிற்பாள். இமாம் என்ன சொல்வார்? அவள் சிரித்துக்கூட விட்டாள், தண்டை விடாமலே.

பிறகு அந்த விரல்கள் நகர்ந்தன. இன்னும் வசதியாகப் பிடித்துக்கொள்வதற்காக. அவள் தோலின்மேல் ஒவ்வொன்றாகப் பதிந்தன. அவள் தன்னை அறியாமல் எண்ணினாள்.

மேல் கையில் ஐந்து. எல்லாம் முழு விரல்.

கீழ்க் கையிலும் ஐந்து.

பத்து.

குர்சானிக்கு ஒன்பதரை.

இன்னொரு முறை எண்ணினாள். மெதுவாக. பத்துதான். நகம் எல்லாம் நீளமாக இருந்தது, இருபத்துமூன்று நாளில் வளர்கிற நீளம் இல்லை. வாயைத் தண்டிலிருந்து எடுக்கப் பார்த்தாள். உதடு வரவில்லை. உள்ளிருந்து இழுத்துக்கொண்டிருந்தது. கையை உதறினாள். பிடி ஒரு அங்குலம் கீழே இறக்கியது. தண்ணீர் கீழுதட்டைத் தொட்டது.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. இந்தப் புதரிலிருந்து இல்லை. பின்னாலிருந்து. அவள் பத்துகூட விடாமல் பிடுங்கிப்போட்ட அந்த இடத்திலிருந்து.

கழுத்தைத் திருப்ப முடிந்த அளவுக்குத் திருப்பினாள். கறுப்புத் தண்ணீரில் ஒரு குமிழ் எழுந்தது. உடைந்தது. கிராம்பு.

அவன் அங்கே இருந்தான்.

முந்தாநாளிலிருந்து மூச்சுக்கு ஒரு தண்டுகூட இல்லாமல்.

அவள் கத்தினாள். சத்தம் தண்டுக்குள் போனது. கீழிருந்தது அதையும் குடித்தது. கூப்பிட வாய் இல்லை. நீட்ட ஒரு கை இருந்தது, இடது கை. நீட்டினாள். குளத்தின் ஓரம்வரை எட்டியது. இன்னும் இரண்டு முழம் வேண்டும்.

குமிழ். கிராம்பு.

அதன் பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை.

குமிழ்.

தூரத்தில் ஊர்ப் பக்கத்திலிருந்து பள்ளிவாசல் முரசு அடிக்கத் தொடங்கியது. தொழுகை நேரம் இல்லை. ஏன் அடிக்கிறார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை. பிறகு நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது, குளிர்ந்து, கனமாக. மூக்கில் ஒன்று. தோணியின் பலகையில் டப்பென்று ஒன்று.

ஊர் கேட்ட மழை வந்துவிட்டது.

வேண்டாம் என்றாள் மனதுக்குள். கொஞ்சம் பொறு. கொஞ்சம்.

மழை கொட்டியது. புகை கரைந்தது. ஒன்றரை மாதத்துக்குப் பிறகு சதுப்பு முழுக்கத் தெளிவாகத் தெரிந்தது. அவளைச் சுற்றி, கண்ணுக்கெட்டிய தூரம்வரை, மழையில் நனைந்த புருன் வரிசைகள் எல்லாம் ஒன்றாக வெளியே சாய்ந்தன, நின்றன, ஒன்றாக உள்ளே வந்தன. அவள் அவற்றைப் பார்க்கவில்லை. அந்த ஆள் நீளத் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன்மேல் ஒவ்வொரு துளி விழுந்த இடத்திலும் ஒரு குமிழ் எழுந்தது, படபடவென்று உடைந்தது. நூறு. ஆயிரம். காலையில் அவள் கேட்கக் காத்திருந்த அதே சத்தம்.

எது மழை, எது அவன் என்று அவளுக்குத் தெரியவில்லை.

தண்ணீர் மேலுதட்டைத் தொட்டது. வாயிலிருந்த தண்டு அடுத்த மூச்சைக் கேட்டு இழுத்தது. அவள் கொடுத்தாள்.